கறை கேட்காத கடை

அந்தச் சலவைக் கடையில் வருகிறவர்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மடிக்கவா, மாட்டித் தரவா, என்றைக்கு வேண்டும், பையைத் தடவிப் பார்த்தீர்களா, எல்லாம் கேட்கலாம். கறை எப்படி வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

கடைக்காரர் இந்தச் சட்டத்தைச் சும்மா போடவில்லை, பட்டுத்தான் போட்டார். கடை திறந்த புதிதில் ஒரு பெரிய மனிதர் வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். கடைக்காரி அதை விரித்துப் பார்த்துவிட்டு, "காலர்ல இதென்னங்க சார், செவப்பா?" என்று வாய் நிறையக் கேட்டாள். அவருக்குப் பின்னால் அவர் சம்சாரம் நிற்பது இவளுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு வாசலில் நடந்த கூத்தைத் தெருவே கைவேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தது. சட்டை வெளுத்து, தேய்த்து, அலமாரியில் கிடந்து பழுப்பேறியதுதான் மிச்சம், வாங்க ஆள் வரவில்லை.

"வந்தத வாங்கு, வெளுத்துக் குடு. அவன் எதக் கொட்டிக்கிட்டா நமக்கென்ன? நாம என்ன போலீசா?" என்றார் கடைக்காரர். அன்றோடு கடைக்காரி வாயைக் கட்டிக்கொண்டாள். கறையைப் பார்த்ததும் இதற்கு எலுமிச்சையா, உப்பா, சோடாவா என்று கை யோசிக்கும். அதற்கு மேல் யோசிப்பதில்லை.

முன்னால் கடை, பின்னால் துவைக்கும் அறை, மேலே இரண்டு அறை வீடு. துவைக்கிற மிஷின் ஓடினால் மேலே தட்டு டம்ளரெல்லாம் நடுங்கும். கடைக்காரர் முன்னால் நின்று வாங்கிக் கொடுப்பார். இஸ்திரி போட ஒரு ஆள் இருந்தான். நாலு ஊர் வாயை ஒரே ஆளுக்கு வைத்துப் படைத்தது போல இருப்பான். கடைக்காரியை அக்கா என்பான், கடைக்காரரை முதலாளி என்பான், அந்த "முதலாளி"யில் பாதி கிண்டல் இருக்கும். பின்கட்டு முழுக்கக் கடைக்காரியின் ராஜ்யம். ராஜ்யம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். ஈரத்தில் நின்று நின்று கால் விரலிடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். இடுப்பு சாயங்காலத்துக்கு மேல் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது.

அவர்களுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அவளுக்கு வீட்டில் ரேடியோ என்று பேர். ஸ்டேஷன் திறந்தால் மூடமாட்டாள் என்று அப்பா வைத்த பேர். பக்கத்திலிருக்கும் விடுதியிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். காய்ந்த விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது, இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையை முனையோடு சேர்க்க வேண்டும். ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மாவும் பெண்ணும் மடிப்பார்கள். எதிரே நடந்து வரும்போது ஒரு கதை, திரும்பிப் போகும்போது ஒரு கதை. எந்த டீச்சர் எப்படித் தும்மினார் என்பது வரைக்கும் வந்துவிடும். "ஏண்டி, மூச்சு விட்டுட்டுப் பேசேன்" என்பாள் கடைக்காரி.

அந்த ரேடியோ எப்போது நின்றது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஒரே நாளில் நின்றிருந்தால் கவனித்திருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முதலில் கதை போனது, பிறகு சிரிப்பு போனது, பிறகு "ம்" மட்டும் மிஞ்சியது. வெயில் கொளுத்துகிற நாளிலும் முழுக்கைச் சட்டை. கேட்டால், "இதான் இப்ப எல்லாரும் போடறாங்க" என்பாள்.

"பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா, அதான் பேச்சு கொறஞ்சிருச்சு. இப்பத்தான் காதுக்கு நிம்மதி" என்றார் கடைக்காரர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கடைக்காரிக்கும் அதை அப்படியே நம்பிவிடுவது வசதியாக இருந்தது. அசந்து போன உடம்பு எந்தப் பதில் சீக்கிரம் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் மழை பிடித்தால் விடுகிற மழையாக இல்லை. துவைத்தது காயவில்லை, காயாதது நாறியது, நாறியதைத் திரும்பத் துவைக்க வேண்டியிருந்தது. விடுதிக்காரன் ஆளனுப்பிக்கொண்டே இருந்தான். பின்கட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி விரிப்பாகத் தொங்கியது. அதை விலக்கி விலக்கித்தான் நடக்க முடியும். அப்படி ஒரு முற்பகலில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. உடனே வாங்க, பயப்படாதீங்க என்றார்கள். பயப்படாதே என்றால் யாருக்குத்தான் பயம் வராது? கடைக்காரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நனைந்த செருப்போடு ஓடினாள்.

ஆசிரியர் அறையில் ரேடியோ ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, வகுப்பு டீச்சர் கதவைச் சாத்தினார். நல்ல மாதிரியான அம்மாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேஜையிலிருந்த பேனாவை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

"கை கழுவும்போது சட்டைக் கைய மடிச்சிருக்கா. கூட இருந்த பொண்ணு பாத்துட்டு வந்து சொன்னா. கையில காயம் இருக்குங்க. விழுந்ததோ கீறினதோ இல்ல. அவளே பண்ணிக்கிட்டது."

"அவளேன்னா?"

"அவளேதாங்க. பழசும் இருக்கு. நர்ஸ் மருந்து போட்டிருக்காங்க, பெரிசா ஒண்ணுமில்ல. ஆனா உடம்புக்காயம் மட்டும் இல்ல பாருங்க இது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். மனசுக்குப் பாக்கற டாக்டர்." டீச்சர் கொஞ்சம் நிறுத்தினார். "வீட்ல நீங்க எதுவும் கவனிச்சதில்லையா?"

"இல்லைங்க டீச்சர்" என்றாள் கடைக்காரி.

சொல்லி வாய் மூடவில்லை, பொய் என்று அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுத் துணியும் அதே கூடையில்தான் விழும். பெண்ணின் சட்டைக் கையில் பழுப்பாகக் காய்ந்த கறை வந்தது. ஒரு தரம் அல்ல, பல தரம். ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, மெல்லக் கசக்கி, அடையாளம் தெரியாமல் எடுத்திருக்கிறாள். எடுக்கும்போது மனசு ஒரு நொடி நிற்கும். மூக்கில் ரத்தம் வந்திருக்கும், துடைத்திருப்பாள். பருவைக் கிள்ளியிருப்பாள். யாரும் கேட்காத கேள்விக்கு அவளே பதிலும் சொல்லிவிட்டு, அடுத்த துணியை எடுப்பாள். அடுத்த துணி எப்போதும் இருந்தது.

திரும்பி வரும்போது ஒரே குடை. இரண்டு பேருக்கும் ஒரு தோள் நனைந்தது. வழி முழுக்கக் கடைக்காரி ஏதாவது பேச வேண்டும் என்று வாயைத் திறந்து திறந்து மூடினாள். கடைசியில், "சாப்பிட்டியா?" என்றாள்.

"ம்."

கடைக்காரரிடம் பின்கட்டில் வைத்துச் சொன்னாள். மிஷின் சத்தத்தில் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு முதலில் முகம் வெளுத்தது, பிறகு கோபம் வந்தது. வேறு எதுவும் வரத் தெரியாத மனிதர்.

"என்ன கொற வச்சோம் அவளுக்கு? ஏன், சோறு இல்லையா, துணி இல்லையா? நாள் பூரா நாயா ஒழைக்கிறோமே, யாருக்கு? கூப்பிடு அவள. நான் கேக்கறேன்."

"இப்ப கத்தாதீங்க."

"கத்தாம? டாக்டர்கிட்ட போனா நாளைக்குத் தெருவே பேசும். பைத்தியம்னு பேர் கட்டிடுவான். நாலு பேர் வந்து போற எடம் இது."

"பேசட்டுங்க. இத்தன நாள் நாம பேசாததுக்கு அவங்களாவது பேசட்டும்" என்றாள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

விரிப்புகளுக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக்காரன் நின்றுகொண்டிருந்தான். எப்போதும் எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறவன், அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்திவிட்டு மெல்ல வந்தான்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"பாப்பா சட்டைய தேய்க்கும்போது நானும் பாத்திருக்கேன். நீங்க எடுத்ததுக்கு அப்பறமும் சூடு பட்டா லேசா மஞ்சளா ஒரு கோடு தெரியும். ஒரே எடத்துல. கேக்கலாமான்னு நெனச்சேன். நம்ம கடையிலதான் கேக்கக் கூடாதே. அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்னு விட்டுட்டேன்."

தேய்த்து வந்த சட்டையை மடித்து மாடிக்கு எடுத்துப் போய் அலமாரியில் வைக்கிறவர் கடைக்காரர்தான். சொந்தப் பெண் சட்டை என்று மடிப்பில் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தம் கொடுப்பார். கறை மூன்று பேர் கையில் ஏறி இறங்கி, புதுசு போல ஆகி, அவளிடமே திரும்பிப் போயிருக்கிறது. அவர் அங்கிருந்த மூட்டை மேல் உட்கார்ந்தார். ஈரம் என்றுகூடப் பார்க்கவில்லை.

கடைக்காரி மேலே போனாள். ரேடியோ ஜன்னல் ஓரம் கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் பெண் எழுந்து போய்விடுவாளோ என்று கடைக்காரி தரையில் உட்கார்ந்தாள். கீழே மிஷின் பிழிகிற வேகத்தில் ஓடியது, கட்டில் கால் அதிர்ந்தது. அது நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.

"ஏன் கண்ணு என்கிட்ட சொல்லல?" என்றாள் கடைக்காரி.

"உனக்குத் தெரியும்ல."

"எனக்கா? எனக்கு எப்படிம்மா தெரியும்?"

ரேடியோ திரும்பினாள். அழுத முகம் இல்லை. அழுது முடித்துக் காய்ந்து போன முகம்.

"மொத தடவ அந்தச் சட்டைய ஒளிக்கத் தெரியாம இல்லம்மா. கூடையில மேலாவே போட்டேன். நீ பாப்ப, கேப்பன்னு நெனச்சேன். கேட்டா எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு பளிச்சுனு அலமாரியில இருந்துச்சு. சரி, அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு, அம்மா பேச விரும்பல, கறை போனாப் போதும்னு நெனைக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பறமும் போட்டேன். அப்பறமும் பளிச்சுனு வந்துச்சு."

கடைக்காரிக்குச் சத்தம் போட்டு அழுதுவிட வேண்டும் போல இருந்தது. இப்போது தான் அழுதால் இவள் எழுந்து தன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள் என்பதும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"நான் பாத்தேன்" என்றாள். "பாக்கலன்னு சொல்ல மாட்டேன். டீச்சர்கிட்ட சொன்னேன், அது பொய். பாத்தேன். கேக்க பயம். கேட்டா நீ ஏதாவது சொல்லிடுவியோன்னு பயம்."

ரேடியோ முழங்கையை ஊன்றிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"இப்ப கேக்கறேன். என்ன ஆச்சு? எப்ப சொன்னாலும் சரி. மெதுவா சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

"விரிப்பு கெடக்குதே."

"கெடக்கட்டும்டி. விடுதிக்காரன் வெறுங்கட்டில்ல படுக்கட்டும்."

பெண்ணின் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, சிரிப்பு முன்பு அந்த வழியாகத்தான் வரும். அதற்குப் பிறகுதான் பேசினாள். தொடர்ச்சியாக இல்லை. ஒரு வாக்கியம் சொல்லி ஜன்னலைப் பார்ப்பாள், பிறகு இன்னொன்று. பக்கத்தில் உட்காருகிற தோழி வேறு கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். அந்தக் கூட்டம் இவள் பேசுகிற மாதிரி பேசிக் காட்டிச் சிரித்தது. தோழியும் சிரித்தாள். அதிலிருந்து வாயைத் திறக்கவே கூசியது. பரீட்சையில் மார்க் இறங்கியது. எல்லாம் தன் தப்பு, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று உள்ளே ஒரு குரல் நாள் பூரா திட்டிக்கொண்டே இருந்தது.

"சாகணும்னு பண்ணலம்மா. உள்ள ஒரே எரைச்சல். மிஷின் ஓடற மாதிரி. பண்ணினா கொஞ்ச நேரம் நிக்கும். அப்பறம் வெக்கமா இருக்கும், பயமா இருக்கும், எரைச்சல் முன்ன விட அதிகமா வரும். நிறுத்தணும்னுதான் நெனைக்கிறேன். முடியல."

"அப்பாகிட்டயாவது..."

"எப்பம்மா? நீங்க ரெண்டு பேரும் சாப்பிடும்போதே தூங்கறீங்க. அப்பா தட்டுல கை வச்சுக்கிட்டே தூங்கறாரு. அதுல நான் வேற ஒரு மூட்டையான்னு இருந்துச்சு."

கடைக்காரி எழுந்து கட்டிலில் ஏறி, மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்ட பெண்ணின் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். அவள் விலகவில்லை. தாங்க முடியாத களைப்பில் கடைக்காரிக்குக் கண் செருகியது. "தூங்கிடாத" என்றாள் ரேடியோ. "தூங்கலடி, இருக்கேன்" என்றாள்.

டாக்டரிடம் மூன்று பேரும் போனார்கள். கடைக்காரர் பஸ்ஸில் ஏறுகிற வரைக்கும், தான் வர வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். டாக்டர் நடு வயது அம்மாள், ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார். பெண்ணிடம் தனியாக நெடுநேரம் பேசினார். பிறகு இவர்களை உள்ளே கூப்பிட்டார்.

"வீட்ல கூர்மையான சாமான், மாத்திரை எல்லாம் உங்க பார்வையில வச்சுக்கங்க. அது மொத வேலை. இனிமே பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க. மீறிட்டா உங்ககிட்ட சொல்லாம மறைக்கத் தோணும். மனசு முட்டும்போது முன்னாடியே வந்து சொல்ற பழக்கம் வரணும். நாளாகும்."

"எத்தன நாள் ஆகும் டாக்டர்?" என்றார் கடைக்காரர். துணிக்கு நாள் சொல்லியே பழகின மனிதர்.

"உங்க கடை மாதிரி தேதி போட்டுத் தர முடியாதுங்க" என்று சிரித்தார் டாக்டர். "ஏன் பண்ணின, ஏன் பண்ணினன்னு தொளைக்காதீங்க. என்ன ஆச்சுன்னு கேளுங்க. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் இருங்க."

வாரம் தவறாமல் போய் வந்தார்கள். வீடு ஒன்றும் மாயமாக மாறிவிடவில்லை. சில நாள் ரேடியோ இரண்டு வார்த்தை கூடப் பேசினாள், சில நாள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு தரம் மறுபடியும் நடந்தது. நடந்த பிறகுதான் சொன்னாள். கடைக்காரி மருந்து போட்டுவிட்டு, கடையை அப்படியே விட்டுவிட்டு அவளை டாக்டரிடம் கூட்டிப் போனாள். கடைக்காரர் திட்டவில்லை. அதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது அவர் கடித்துத் துப்பிய நகத்துக்குத்தான் தெரியும். சாப்பிடும்போது தூங்கக் கூடாது என்று டீ குடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அப்படியும் தூங்கினார். "அப்பா" என்று ரேடியோ தட்டினால் திடுக்கிட்டு விழித்து, "கேட்டுட்டுத்தாம்மா இருக்கேன்" என்பார்.

மழை விட்டு, வெயில் உறைக்க ஆரம்பித்த ஒரு காலை. ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தது. இஸ்திரிக்காரன் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். பின்கட்டில் கடைக்காரி விடுதி மூட்டையைப் பிரித்துப் போட்டு மிஷினை ஓட்டியிருந்தாள். கடைக்காரர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து ரேடியோ இறங்கினாள். ஸ்கூலுக்குக் கிளம்பியிருந்தாள், தலைகூடச் சீவியாகிவிட்டது. உள்பக்கமாக வராமல் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் போய், ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்து, வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் வந்து நின்றாள். கையிலிருந்த முழுக்கைச் சட்டையை மேஜைமேல் வைத்தாள்.

கடைக்காரருக்குக் கை நின்றுவிட்டது. "இந்தா, இங்க வா" என்று பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்டதும் கடைக்காரி கையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தாள்.

அவர் சட்டையை எடுத்து விரித்தார். வலது கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். உள்ளே திருப்பி, தையலைப் பிரிக்காத குறையாகப் பார்த்தார். துவைத்துத் தேய்த்த சட்டை, வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"எங்கம்மா கறை?" என்றார். அவர் அந்தக் கடையில் யாரிடமும் கறை பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னும் வரலப்பா" என்றாள் ரேடியோ. மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். "காலையிலேர்ந்து எரைச்சலா இருக்கு. வந்துருமோன்னு பயமா இருக்கு. அதான், அதுக்கு முன்னாடியே கொண்டுவந்துட்டேன்."

கடைக்காரி மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெண்ணின் கையைப் பிடித்தாள். நுரை அவள் கையிலும் ஒட்டியது. இஸ்திரிக்காரன் யாரும் சொல்லாமலே பின்னால் போய் மிஷினை நிறுத்தினான். திடீரென்று கடை அமைதியாகிவிட்டது. ரேடியோவுக்கு அது என்னவோ போல இருந்திருக்க வேண்டும், ஒரு முறை சுற்றிலும் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு. என்ன ஆச்சு?" என்றாள் கடைக்காரி.

ரேடியோ ஆரம்பித்தாள். இன்றைக்கு வகுப்பில் எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டுமாம். அந்தக் கூட்டம் முதல் வரிசையிலேயே உட்காருமாம். சொல்லச் சொல்லக் குரல் தடுக்கியது, நின்றது, மறுபடி கிளம்பியது.

ஷட்டருக்குக் கீழே ஒரு தலை குனிந்து எட்டிப் பார்த்தது. விடுதிக்காரன் அனுப்பிய ஆள். "என்னங்க, மிஷின் சத்தமே காணோம். இன்னைக்குக் கடை உண்டா, இல்லையா?"

"உண்டு, உண்டு" என்றார் கடைக்காரர், திரும்பாமலே. சட்டை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "கொஞ்சம் அப்படி நில்லுங்க. எங்க பொண்ணு பேசிட்டிருக்கு."